மூன்றாம் மந்திரிக்கு விடுப்பு இல்லை

பிப்ரவரி 8

என் அருமை மைக்குக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது கொஞ்சம் குதிரை வாசனை வரும். கடிதத்தைக் குற்றம் சொல்லாதே. தீவனம் இறக்கிவிட்டு அதே கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் போனும் கிடையாது, தபால் பெட்டியும் கிடையாது. வாரம் ஒருமுறை நகரத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரிதான் எங்களுக்குத் தபால்காரன். வரும்போது தக்காளியும் கடிதமும் கொண்டுவரும். போகும்போது எடுத்து முடித்த படச்சுருளையும் என் புலம்பலையும் கொண்டுபோகும். டிரைவருக்கே தக்காளி என்று பெயராகிவிட்டது. பதிலை அவனிடமே கொடு. பிரித்துப் படிப்பான். படிக்கட்டும், அவனுக்கும் மலைப் பாதையில் பொழுது போக வேண்டாமா?

படத்தின் ஆரம்பத்தில் என்னைத் 'தயாரிப்பு நிர்வாகி' என்று போடுவார்கள். உள்ளபடி சொன்னால் நான் அறுநூறு பேருக்கு மாமியார். யாருக்குச் சோறு ஆறிப்போயிற்று, யாருக்குக் கட்டில் ஆடுகிறது, யார் குறட்டையால் யார் கூடாரம் மாறினார், எல்லாம் என் வாசலுக்குத்தான் வரும். போன வாரம் குதிரைக்காரர் கோபித்துக்கொண்டு மொத்தக் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குதிரை போனால் போர் போச்சு. போர் போனால் படம் போச்சு. நான் ஓடிப்போய் இயக்குநரின் காதைக் கடித்தேன்.

"சார், அவருக்குத் தளபதி வேஷம் குடுத்துடுங்க. ஒரு ஷாட்டுல முகம் பட்டுட்டா அப்புறம் ஆள் எங்க போவாரு?"

அவ்வளவுதான். இப்போது அவர் கவசத்தைக் கழற்றாமல் தூங்குகிறார். சினிமாவில் இதற்குக் கன்டினியூட்டி என்று பெயர். இன்று எடுத்த காட்சியில் ஒருவனுக்கு மீசை இருந்தால், அதே காட்சியை அடுத்த மாதம் தொடரும்போதும் அந்த மீசை அப்படியே இருக்க வேண்டும். முகம் பட்டவன் முடி வெட்டக் கூடாது, இளைக்கக் கூடாது, ஊருக்குப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதி வாசலில் ஒட்டியவன் உன் வீட்டுக்காரன்தான்.

இன்னொரு செய்தி. சிரிக்காதே. மூன்றாம் மந்திரியாக நடிக்க வந்தவர் வந்த அன்றே வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். தர்பார் காட்சிக்கு விளக்கெல்லாம் போட்டாயிற்று, ஒரு நாற்காலி மட்டும் காலி. எங்கள் இயக்குநருக்கு எதையும் இன்னொரு தடவை எடுத்தால்தான் திருப்தி, அதனால் 'ஒன்ஸ் மோர்' என்றுதான் அவரைக் கூப்பிடுகிறோம், முதுகுக்குப் பின்னால். அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"மேனேஜர் சார், இந்தத் தாடி நிஜமா?"

"ஷேவ் பண்ண நேரமில்ல சார். மன்னிச்சுக்கங்க."

"பண்ணாதீங்க. உக்காருங்க."

ஆக, நான் இப்போது மந்திரி. இரண்டு நாள் வேலைதான் என்கிறார்கள். மார்ச் பத்தாம் தேதி உன் கழுத்துக் கட்டியை எடுக்கும்போது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் நிற்பேன். வேண்டுமானால் தலைப்பாகையோடு.

உன் அறுநூறு பேர் மாமியார்

*

பிப்ரவரி 14

மூன்றாம் மந்திரியார் சமூகத்துக்கு,

கடிதம் வந்தது. தக்காளி முன்னாலேயே படித்துவிட்டான். வாசலில் நின்றபடியே "வாழ்த்துகள் அக்கா, சார் மந்திரி ஆயிட்டாரு" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் நிஜ மந்திரி என்று நினைத்துத் தெரு விளக்கு எரியவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறார். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு நிலவரம்: படக் கம்பெனியின் கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது, ஒரே ஒரு வாரம் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனீர்களே, அந்தச் சாமான்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. ஹாலில் கேடயங்கள். படுக்கையறையில் ஈட்டிகள். சமையலறைக்குப் பக்கவாட்டில் நடந்துதான் போக முடிகிறது. கதவை முழுசாகத் திறந்து பல நாளாயிற்று. எனக்குத் துணைக்கென்று வந்த உங்கள் அக்கா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அதில் உட்கார்ந்துதான் பேப்பர், அதில் உட்கார்ந்துதான் காபி.

"அண்ணி, அது அட்டையில செஞ்சது, உடைஞ்சிடும்" என்றேன்.

"எனக்கு இடுப்புக்கு இதுதான் ஒத்துக்குது. நீ போய் வேலையப் பாரு" என்று ராஜமாதா மாதிரி கையை ஆட்டினார்.

டாக்டரைப் பார்த்தேன். கட்டி பயப்படும்படியானது இல்லையாம், வளர விடக் கூடாது, அவ்வளவுதானாம். ஆனால் அதை ஒட்டிக் குரலுக்கான நரம்பு ஒன்று போகிறதாம், நூல் மாதிரி. "ஜாக்கிரதையாத்தாம்மா எடுப்போம். ஆனா சிலருக்குக் குரல் அடைச்சுக்கும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். சொல்லிவிட்டு, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்த ஊரில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டுத்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டவள் இல்லை. நான் கணக்குத் தீர்க்க வேண்டியது உங்களோடுதான். உங்களைத் திட்ட வேண்டியது இத்தனை வருஷத்தில் மலையாய்ச் சேர்ந்து கிடக்கிறது. நீங்கள் வீட்டில் இருந்தால்தானே திட்டுவதற்கு? அதை எழுதி அனுப்பினால் சரிப்படாது. திட்டுக்கு உயிர் குரலில்தான் இருக்கிறது. ஆகையால் பத்தாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு நாள் வந்து என் எதிரில் உட்காருங்கள். முழுசாகத் திட்டிவிடுகிறேன். அப்புறம் குரல் இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. குதிரைக்காரருக்கு நீங்கள் செய்ததைத்தானே இப்போது உங்களுக்குச் செய்திருக்கிறார்கள்? இதைக் கண்டுபிடிக்கக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் திருப்பக்கூட இல்லை.

உங்கள் மைக்

*

மார்ச் 1

அன்பு மைக்குக்கு,

இரண்டு லாரி வெறும் கையோடு வந்திருக்கும். திட்டாதே. திட்டுவதற்கு நேரில் வருகிறேன் என்று சொல்லத்தான் ஆசை.

நடந்ததைச் சொல்கிறேன். மழை பெய்தது. எங்கள் அரண்மனை, உனக்குத் தெரியும், மூங்கிலும் கோணியும் பிளாஸ்டர் பூச்சும்தான். காலையில் எழுந்து பார்த்தால் கிழக்கு வாசல் கரைந்து, வாயிற்காப்போன் சிலை முழங்கால்வரைதான் இருக்கிறது. அதைத் திரும்பக் கட்டுவதற்குள், மன்னராக நடிக்கும் கதாநாயகன் வேறொரு படத்துக்குப் போய்விட்டார். அவர் போகும்போது தர்பார் பாதியில் நிற்கிறது. பாதி எடுத்த தர்பாரில் நான் இருக்கிறேன். மீதி எடுக்கும்வரை நான் இருந்தாக வேண்டும்.

குதிரைக்காரர் கதை வேறு, என் கதை வேறு. அவரைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. என்னை யார் கட்டிப்போட வேண்டும்? நான்தான் எல்லாரையும் கட்டிப்போடுகிறவன். உண்மையைச் சொன்னால் ஒன்ஸ் மோருக்கு என் முகம் பிடித்துவிட்டது. அன்றைக்குக் கேமராவை என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு சதி நடக்கறது உங்களுக்கு மட்டும் தெரியும். ஆனா சொல்ல முடியாது. அந்த முகத்தைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தூசி என்று நீ சொல்வாய். பணம் போட்டவரின் மச்சான் வந்து "நானும் ஒரு ஷாட்டுல நிக்கறேன்" என்று அடம் பிடித்தபோது, கேமராவில் சுருளே போடாமல் வெறுமனே ஓடவிட்டு அவரை மகிழ்ச்சியாக வண்டி ஏற்றினோமே, அந்த மாதிரி ஷாட் இல்லை இது. நிஜமான குளோசப்.

கன்டினியூட்டி பார்க்கும் பெண் தினமும் காலையில் என் தாடியைப் புகைப்படத்தோடு வைத்துப் பார்க்கிறாள். சீப்பால் ஒரு முடி இப்படி, ஒரு முடி அப்படி. எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே சாமான் இந்த முகம், அதுவும் இப்போது கம்பெனி கணக்கில் சேர்ந்துவிட்டது.

மைக்கு, பத்தாம் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா? டாக்டரிடம் கேட்டுப் பார். கட்டி எங்கேயும் ஓடிவிடாது. நான்தான் ஓட முடியாமல் கிடக்கிறேன்.

உன் மூ.ம.

*

மார்ச் 7

மேனேஜர் சாருக்கு,

தள்ளிவைத்தாயிற்று. இருபத்தொன்பதாம் தேதி.

டாக்டர் காரணம் கேட்டார். வீட்டுக்காரருக்குத் தாடி இருக்கிறது, அதனால் வர முடியாது என்று சொன்னேன். என் கட்டி கழுத்தில்தானா, தலைக்கும் ஏறிவிட்டதா என்பது போல் பார்த்தார். "இதுக்கு மேல தள்ளாதீங்கம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை, வண்டி புறப்படும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் குரல் கரகரத்து அடங்கிவிட்டது. ஏழாவது மேடை என்று சொல்ல வேண்டியதை 'ஏ' என்று மட்டும் சொல்லி நின்றேன். கீழே ஒருத்தர் தலையைத் தூக்கி, "என்னையா கூப்புடறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்ததால் நான் சிரித்தது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் கூண்டு. ஈட்டிகளை நகர்த்தச் சொல்லி உங்கள் கம்பெனிக்கு ஆள் அனுப்பினேன். 'மேனேஜர் வந்து சொன்னால்தான் எடுப்போம்' என்றார்களாம். மேனேஜர் எங்கே என்று கேட்டேன். 'அவர் நடிக்கப் போயிருக்கிறார்' என்றார்களாம்.

உங்கள் குளோசப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சதி நடப்பது தெரியும், ஆனால் சொல்ல முடியாது. எனக்கு வருகிற மாதம் அந்த முகம்தான் இருக்கும். நடிக்கக்கூட வேண்டாம்.

இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. தேதியை மட்டும் சொன்னேன்.

*

மார்ச் 15

மைக்குக்கு,

செத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். பதறாதே, மந்திரியாகத்தான்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் ஒன்ஸ் மோரின் கூடாரத்துக்குப் போனேன். "சார், மூன்றாம் மந்திரிக்கு விஷம் வச்சிடலாமா? முதல் பாதியிலேயே ஆள் போயிட்டாருன்னா சபையே கலங்கும்" என்றேன். மந்திரி போய்விட்டால் நாற்காலி காலி, நாற்காலி காலியானால் நான் ஊருக்கு. என் கணக்கு அவ்வளவுதான்.

மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேனேஜர் சார்! இத்தனை நாள் இது எனக்குத் தோணலியே! மந்திரி சாகறாரு. மன்னன் ஓடி வந்து மடியில தூக்கிப் போட்டுக்கறான். மழை. ஒரு பாட்டு."

மன்னர் வருவது ஏப்ரலில். ஆகவே நான் சாகும்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். சாவதற்கு ஒரு மடி வேண்டும். அந்த மடி ஏப்ரல் கடைசியில்தான் கால்ஷீட் கொடுத்திருக்கிறது. என் வாயால் நானே கெட்டேன்.

சரி, கேட்டால்தானே விடமாட்டார்கள் என்று சொல்லாமல் கிளம்பினேன். வெளியே போகிற எவருக்கும் மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் நான்தான். எனக்கு நானே அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவலாளி, நான் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்த ஆள், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேனேஜர் சார் கையெழுத்து சரியா இருக்கு சார்."

"அப்ப கதவத் திற."

"முகம் பட்டவங்களுக்கு டைரக்டர் கையெழுத்தும் வேணுமே."

"யாருய்யா சொன்னது?"

"நீங்கதான் சார். 'நானே வந்து கேட்டாலும் விடாத'ன்னீங்க. கேட்டுப் பாக்கறீங்களோன்னு நெனச்சேன்."

அவனைப் பாராட்டிவிட்டுத் திரும்பினேன். வேறென்ன செய்ய?

சிரிப்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கூடாரத்துக்குள் படுத்தால் மூக்குக்கு மேல் துணி, வெளியே வந்தால் நாலு பக்கமும் மலை. போக ஒரே பாதை, அதன் வாயில் என் காவலாளி. தினமும் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வராத மன்னரைப் பார்த்து வணங்குகிறேன். மன்னர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூங்கில் கம்பு நிற்கிறது. சவரக் கத்தி பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் விடுதலை. ஆனால் இத்தனை பேர் வெயிலில் நின்று எடுத்த தர்பார் அந்த இழுப்பில் குப்பைக்குப் போகும். அதைச் செய்த மேனேஜரை அப்புறம் பொம்மலாட்டத்துக்குக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

இருபத்தொன்பதுக்குள் ஏதாவது செய்கிறேன். நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேள். கேட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

*

மார்ச் 21

உங்களுக்கு,

லாரி கிளம்பப் போகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. யாரோ ஒருவரின் ஆபரேஷன் நின்றுவிட்டதாம், அந்த இடம் எனக்கு. நாளைக்கே, மதியத்துக்கு மேல். இதை விட்டால் டாக்டர் வெளியூர் போய்விடுவார், இருபத்தொன்பதும் நிச்சயமில்லையாம். சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் அக்கா கூட வருகிறார். பையில் மாற்றுப் புடவையும் பிளாஸ்கும் எடுத்து வைத்தாயிற்று.

இது உங்கள் கைக்கு நாளை விடியும்போது கிடைக்கும். கிடைத்து என்ன செய்வீர்கள் என்று நான் யோசிக்கப் போவதில்லை. வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்று கேட்டு, நீங்கள் வராமல் இருந்து, அதையும் தாங்க வேண்டாமே என்றுதான் கேட்கவில்லை. இதுவரை கேட்காததற்கும் அதுதான் காரணம்.

இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் மேலதிகாரி வந்து, "இன்னும் ஒரு வண்டி சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். அந்த வண்டி போய் ரொம்ப நேரமாகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன். யாரும் ஓடவில்லை. நன்றாகத்தான் இருந்தது குரல்.

*

மார்ச் 22, ஆஸ்பத்திரி வராந்தா

மைக்கு,

நீ உள்ளே இருக்கிறாய், நான் வெளியே இருக்கிறேன். நடுவில் ஒரு கதவு. உன்னை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம்தான் ஆயிற்றாம். ரேடியேட்டர் கொதிக்காமல் இருந்திருந்தால் பிடித்திருப்பேன். பேசாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நர்ஸிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன்.

விடிகாலையில் தக்காளி உன் கடிதத்தைக் கொடுத்தான். இந்த முறை பிரித்துப் படிக்கவில்லை, கொடுக்கும்போது என் முகத்தையும் பார்க்கவில்லை. படித்து முடித்தேன், குதிரைத் தொட்டியில் முகத்தை நனைத்தேன், கத்தியை எடுத்தேன். பாதி மீசையில் கன்டினியூட்டிப் பெண் பல் துலக்க வந்துவிட்டாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "ஆபரேஷன் இன்னைக்கா சார்?" என்று மட்டும் கேட்டாள். மிச்சத்தை லாரியில் வழித்துக்கொள்ளலாம் என்று கத்தியோடு ஓடினேன். காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். உன் மேல் ஆணையாக, காவலாளி டார்ச் அடித்துப் பார்த்து, "யாருய்யா அது, மேனேஜர் சாருக்குத் தெரியுமா?" என்றான். "தெரியும்" என்றேன். விட்டுவிட்டான். என்னை யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை.

மேலே மூன்றாவது வளைவில் வண்டி கொதித்து, ஆறுவதற்கே இரண்டு மணி நேரம் நின்றது. தக்காளி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, நான் கீழே எட்டிப் பார்த்தேன். இந்நேரம் படப்பிடிப்பு நின்று, ஒன்ஸ் மோர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார், அறுநூறு பேரும் என்னைச் சபித்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் பார்த்தேன்.

விளக்கெல்லாம் எரிகிறது. தர்பார் நிறைந்திருக்கிறது. மூன்றாம் மந்திரியின் நாற்காலியில் மூன்றாம் மந்திரி உட்கார்ந்திருக்கிறார். என் அங்கி, என் தலைப்பாகை, ஒட்டுத் தாடி. உள்ளே இருப்பது எங்கள் டீ மாஸ்டர். ஒலிபெருக்கியில் ஒன்ஸ் மோரின் குரல் மலை முழுக்கக் கேட்டது: "மூணாவது மந்திரி, இன்னைக்கு முகம் ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே வச்சுக்கங்க."

நான் அப்படியே நின்றேன். தக்காளி பக்கத்தில் வந்தான்.

"சார், உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"என்னது?"

"உங்க குளோசப்புக்குச் சுருளே போடல சார். டப்பாவத் தூக்கறவன் நாந்தானே, கேமராக்காரரு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு. நீங்க ஆபரேஷன்னு லீவு கேப்பீங்கன்னு டைரக்டருக்கு முன்னாடியே தெரியுமாம். நீங்க போயிட்டா அறுநூறு பேருக்குச் சோறு யாரு பாக்கறது? அதான்."

தந்திரம் பண்ணுகிறவன் தன் தந்திரத்திலேயே மாட்டினான் என்றால் ஊர் சிரிக்கும், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அது இல்லை என்னை உறுத்துவது. நீ பிப்ரவரியிலேயே எழுதிவிட்டாய். படித்தேன். விளங்கியது. ஆனால் நான் இல்லாவிட்டால் ஒரு படமே நின்றுவிடும் என்று கேட்பதற்கு நன்றாக இருந்தது, மைக்கு. நான் இல்லாவிட்டால் நின்றுவிடுகிற வேறொன்று இங்கே இருந்தது. அதைக் கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இல்லை.

இங்கே வந்தபோது அக்கா என்னைத் தடுத்து, "யாருப்பா நீ, இது பொம்பளைங்க வார்டு" என்றாள். கன்னத்தில் மூன்று வெட்டு, மீசை ஒரு பக்கம் கொஞ்சம் மிச்சம். லாரி குலுங்கினால் என்ன செய்வது? "நான்தாங்க்கா" என்றதும் முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். "உள்ள போறவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா" என்றாள். இதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கதவு திறக்கிறது. நர்ஸ். என்னை இல்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறாள்.

*

மார்ச் 25, நாலாம் நம்பர் கட்டில்

இதைச் சத்தமாக வாசியுங்கள். மனசுக்குள் வாசிக்கக் கூடாது.

நான் பேசக் கூடாதாம். பேச முடியுமா என்பது வேறு விஷயம், அது தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும் என்று டாக்டர் நேற்று உங்களிடமும் சொன்னார். நீங்கள் உடனே "அதுவரைக்கும் வீட்ல நிம்மதி டாக்டர்" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திட்டுவதற்கு முன்னால் குரல் போய்விட்டது. அதற்காக விட்டுவிட முடியாது. என்னிடம் வார்த்தை இருக்கிறது, உங்களிடம் குரல் இருக்கிறது. நான் எழுதுகிறேன், நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்ளுங்கள். என்னை மாதிரிப் பேசிக் காட்ட வேண்டாம், உங்கள் குரலிலேயே வாசித்தால் போதும். எதிர்க் கட்டில் அம்மாவுக்குக் காது மந்தம், அவருக்கும் கேட்க வேண்டும். விழுங்கினால் மறுபடி முதலிலிருந்து. ஒன்ஸ் மோர் சொல்ல எனக்கும் தெரியும். இனி ஆரம்பம்.

யோவ் மந்திரி!

எங்கப்பா போனப்ப எங்க இருந்தீங்க? நாலு யானை ஏத்தின லாரி பள்ளத்துல எறங்கிடுச்சுன்னு, எல்லாம் முடிஞ்ச மூணாம் நாள் வந்து நின்னீங்க. யானைக்கு ஒண்ணும் ஆகலன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்க. எங்கம்மா கேட்டாங்களா யானையப் பத்தி?

நம்ம கல்யாண நாளுன்னா ஜெனரேட்டர் ரிப்பேர். வருஷா வருஷம். அந்த ஜெனரேட்டருக்கு எப்படித்தான் தேதி தெரியுமோ. உங்களுக்குத் தெரியல.

அறுநூறு பேர்ல யாருக்குக் கட்டில் ஆடுதுன்னு தெரியும்னு எழுதினீங்களே, பெருமையா. நம்ம கட்டில் நாலு வருஷமா ஆடுது. ஒரு காலுக்குக் கீழ பழைய டெலிபோன் டைரக்டரிய வச்சிருக்கேன். நீங்க படுக்கற பக்கம் ஆடல. அதனால தெரியல.

ஏன் நிறுத்திட்டீங்க? நர்ஸு பாக்கறாங்கன்னா? பாக்கட்டும். அவங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்கும். வாசிங்க.

ஊர்ல எல்லாருக்கும் வண்டி பிடிச்சுக் குடுப்பீங்க. நடிகையோட நாய்க்குட்டிக்குத் தனி வண்டி. நாய்க்குட்டிக்கு! நான் என்னைக்காவது உங்களுக்குப் புகார் சொல்லியிருக்கேனா? சொல்லல. அதான் என் தப்பு. வாசல்ல வந்து கத்தறவங்களுக்குத்தான் நீங்க ஓடுவீங்க. நான் நாள் முழுக்க மைக்ல கத்திட்டு, வீட்ல வந்து கத்தத் தெம்பில்லாம சும்மா இருந்துட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுட்டீங்க.

மூச்சு வாங்கிக்கங்க. தண்ணி வேணும்னா குடிங்க. கொஞ்சந்தான் பாக்கி.

மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டர், "ஒண்ணு, ரெண்டு எண்ணிக்கிட்டே இருங்கம்மா"ன்னாரு. நான் எண்ணல. என் குரல் கடைசியாச் சொன்னது ஏதோ ஒரு நம்பரா இருந்துடக் கூடாதுன்னு தோணிச்சு. அதனால உங்களைக் கூப்பிட்டேன். மைக் இல்லாம, மைக்ல கூப்பிடற மாதிரி. உள்ள இருந்தவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. 'வெளியூர்ல இருக்கறவருக்கே கேட்டிருக்கும்மா'ன்னாரு டாக்டர்.

நீங்க அப்ப எந்த வளைவுல நின்னுக்கிட்டிருந்தீங்களோ தெரியல.

இப்பக் குரலை எறக்குங்க. எதிர்க் கட்டில் அம்மாவுக்குக் கேக்க வேண்டாம். கிட்ட வாங்க. கட்டில்ல உக்காருங்க. இந்த ஒரு வரிய மட்டும் மெதுவா வாசிங்க:

நான் ரொம்ப பயந்துட்டேன்.